மோர்ஸ்ல எழுதுறதும் மோர்ஸ்ல இருந்து படிக்கிறதும்: புதுசா வர்றவங்களுக்கு படிப்படியா

மோர்ஸ்னா, அதாவது எழுத்தைப் புள்ளி கோடா மாத்தி அனுப்புற முறைன்னா, ஒரு சார்ட்டைப் பாத்து புள்ளி கோடு போட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டு தான் எல்லாரும் உள்ள வர்றாங்க. சார்ட் ஈஸி தாங்க, அதுல யாரும் மாட்டுறதில்ல. மாட்டுறது எல்லாம் இடைவெளியில, ஃபோன் கீபோர்டு தானா பண்ற திருத்தத்துல, தமிழை எப்படி எழுதுறதுங்கிறதுல. இதை ஒவ்வொண்ணா தேடித் தேடி கத்துக்கிறதுக்குள்ள எனக்கு போதும் போதும்னு ஆயிடுச்சு, அதனால ஒரே இடத்துல வரிசையா எழுதி வெக்கிறேன். புதிர் விடுவிக்கிறவங்க, சாரணர் வகுப்புக்குத் தயார் பண்றவங்க, ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கா ரேடியோல பேசுறது) பக்கம் எட்டிப் பாக்குறவங்க, எல்லாருக்கும் இது ஒரே வேலை தான்.

1. சரியான சார்ட்டை எடுத்து வெச்சுக்கங்க

உங்களுக்கு வேண்டியது சர்வதேச மோர்ஸ். ஐடியூங்கிற சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பு வெளியிட்ட பரிந்துரை தான் இதுக்கு அடிப்படை, அது அவங்க தளத்துல இலவசமாவே கெடைக்கும், சில பக்கம் தான் இருக்கும், டவுன்லோடு பண்ணி வெச்சுக்கங்க. ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, படமா சுத்துற சார்ட்ல சிலது பழைய அமெரிக்கன் மோர்ஸ், அது வேற. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: ஓ எழுத்தைப் பாருங்க. மூணு கோடு இருந்தா சரியான சார்ட். ரெண்டு புள்ளி நடுவுல கேப் விட்டு இருந்தா அது அமெரிக்கன், மூடி வெச்சுடுங்க.

இன்னொண்ணு. நம்ம வாயால சொல்லும்போது ரெண்டு "பி" இருக்கு, ரெண்டு "டி" இருக்கு, எதைச் சொல்றோம்னே தெரியாது. ரேடியோல பேசுறவங்க இதுக்குத்தான் ஆல்ஃபா, பிராவோ, சார்லின்னு பேர் வெச்சிருக்காங்க. ஒவ்வொரு பேரோட ஆங்கில முதல் எழுத்து தான் அது குறிக்கிற எழுத்து: ஆல்ஃபான்னா A, சார்லின்னா C, சியரான்னா S, கிலோன்னா K, கியூபெக்னா Q, ஜூலியட்னா J, ஜூலுன்னா Z. நானும் கீழ அதையே பயன்படுத்துறேன், நீங்களும் பழகிக்கங்க, ஒருத்தர் சொல்ல ஒருத்தர் எழுதும்போது ரொம்ப உதவும்.

பெரும்பாலான சார்ட் ஆங்கில அகரவரிசையில இருக்கும். எழுதும்போது அது வசதி, படிக்கும்போது அது தொல்லை. அதனால எத்தனை குறி (ஒரு புள்ளியோ ஒரு கோடோ ஒரு குறி) இருக்குங்கிற வரிசையில ஒண்ணு போட்டுத் தர்றேன், ரெண்டு வேலைக்கும் ஆகும்.

ஒரு குறி:
எக்கோ .
டேங்கோ -

ரெண்டு குறி:
இந்தியா ..
ஆல்ஃபா .-
நவம்பர் -.
மைக் --

மூணு குறி:
சியரா ...
யூனிஃபார்ம் ..-
ரோமியோ .-.
விஸ்கி .--
டெல்டா -..
கிலோ -.-
கோல்ஃப் --.
ஆஸ்கர் ---

நாலு குறி:
ஹோட்டல் ....
விக்டர் ...-
ஃபாக்ஸ்ட்ராட் ..-.
லிமா .-..
பாப்பா .--.
ஜூலியட் .---
பிராவோ -...
எக்ஸ்ரே -..-
சார்லி -.-.
யாங்கி -.--
ஜூலு --..
கியூபெக் --.-

அவ்ளோ தான், 26 எழுத்தும் முடிஞ்சுது. எண்கள் எல்லாத்துக்கும் அஞ்சு குறி, மனப்பாடமே வேண்டாம்: 1-க்கு ஒரு புள்ளி நாலு கோடு, 2-க்கு ரெண்டு புள்ளி மூணு கோடு, அப்படியே போய் 5-க்கு அஞ்சும் புள்ளி. அப்புறம் 6-ல ஒரு கோடு நாலு புள்ளின்னு திரும்பி, 0-க்கு அஞ்சும் கோடு. முற்றுப்புள்ளி, காற்புள்ளி, கேள்விக்குறி மூணுக்கும் ஆறு குறி:

முற்றுப்புள்ளி .-.-.-
காற்புள்ளி --..--
கேள்விக்குறி ..--..

ஈமெயில்ல வர்ற @ குறிக்கு .--.-. அதை 2004-ல தான் சேத்தாங்க, பழைய சார்ட்ல இருக்காது. ஆச்சரியக்குறிக்கு ஐடியூ பட்டியல்ல எடமே இல்ல, சில ஆப் -.-.-- போட்டுக் குடுக்கும், அந்தப் பக்கம் இருக்கிறவர் சார்ட்ல அது இல்லாம முழிப்பாரு. விட்டுடுங்க. சதவீதக்குறிக்கும் தனி அடையாளம் கெடையாது, 2% எழுதணும்னா 2-0/0ன்னு எழுதணும், நடுவுல அந்த சின்னக் கோடு (அதுக்கு -....-) இல்லாட்டி 20/0ன்னு ஆயிடும்.

2. இடைவெளியை முதல்லயே முடிவு பண்ணுங்க

இது தாங்க உயிர். ஒரு புள்ளியோட நேரத்தை ஒரு அளவுன்னு வெச்சுக்கங்க. கோடு மூணு அளவு. ஒரே எழுத்துக்குள்ள குறிக்கும் குறிக்கும் நடுவுல ஒரு அளவு அமைதி. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல மூணு. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல ஏழு. சத்தமா அனுப்பினாலும் டார்ச் அடிச்சாலும் இதே கணக்கு தான்.

எழுத்துல எழுதும்போது இப்படி வெச்சுக்கங்க: ஒரு எழுத்து முடிஞ்சா ஒரு ஸ்பேஸ், ஒரு வார்த்தை முடிஞ்சா சாய்கோடு, அதுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ். சில பேரு வார்த்தைக்கு நடுவுல மூணு ஸ்பேஸ், ஏழு ஸ்பேஸ்னு விடுவாங்க. அதைப் பண்ணாதீங்க. வெப் பக்கத்துல போட்டா எத்தனை ஸ்பேஸ் விட்டாலும் பெரும்பாலும் ஒண்ணா சுருங்கித்தான் தெரியும், வார்த்தை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வாங்கினவருக்கு ஒரே நீள வார்த்தை தான் கெடைக்கும். சாய்கோடு எங்க போட்டாலும் அப்படியே நிக்கும்.

இடைவெளி போனா என்ன ஆகும்னு ஒரு உதாரணம் பாருங்க. மைக், எக்கோ, எக்கோ, டேங்கோ, அதாவது "மீட்":

-- . . -

ஸ்பேஸை எடுத்துட்டா --..- இதை ஜூலு-டேங்கோன்னும் படிக்கலாம், கோல்ஃப்-ஆல்ஃபான்னும் படிக்கலாம். ரெண்டுமே சார்ட்படி சரி தான். புள்ளி கோடு ஒண்ணு கூட தப்பில்ல, ஆனா செய்தி போச்சு.

3. எழுத்தை மோர்ஸ் ஆக்குறது

முதல்ல செய்தியைச் சுருக்குங்க. மோர்ஸ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கெடையாது, அடிக்கோடு கெடையாது, எமோஜி கெடையாது. இதெல்லாம் வெச்சு அர்த்தம் சொல்ற வரி ஏதாவது இருந்தா மாத்தி எழுதுங்க. பாஸ்வேர்டு மாதிரி பெரிய எழுத்து சின்ன எழுத்து கலந்து இருக்கிறதை மோர்ஸ்ல அனுப்பவே அனுப்பாதீங்க, திருப்பி எடுக்க வழியே இல்ல.

அப்புறம் கட்டம் போட்ட பேப்பர் எடுத்து, மேல் வரியில செய்தியை கட்டத்துக்கு ஒரு எழுத்தா எழுதிட்டு, கீழ் வரியில அதுக்கு நேரா மோர்ஸ் எழுதுங்க. வார்த்தை முடியிற எடத்துல ஒரு கட்டம் காலியா விடுங்க. இப்படிப் பண்ணா எந்த எழுத்தும் விட்டுப் போகாது, அப்புறமா செக் பண்ணவும் சுலபம். "மீட் அட் 5"ங்கிற ஆங்கில வரி இப்படி வரும்:

-- . . - / .- - / .....

கம்ப்யூட்டர்ல டைப் பண்றீங்கன்னா பெரிய பொறி ஒண்ணு இருக்கு. ரெண்டு கோடு சேந்தாப்ல போட்டா வேர்டு மாதிரி மென்பொருளும் ஃபோன் கீபோர்டும் அதை ஒரே நீளக்கோடா மாத்திடும், மூணு புள்ளி போட்டா மூணையும் சேத்து ஒரே எழுத்தா ஆக்கிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனா அதை எடுத்து ஒரு டீகோடர்ல (மோர்ஸை எழுத்தாக்குற கருவி) போட்டா மைக் போய் டேங்கோ ஆயிருக்கும், சியரா காணாமப் போயிருக்கும். ஆட்டோகரெக்டை ஆஃப் பண்ணிடுங்க, இல்ல நோட்பேடு மாதிரி வெறும் எழுத்து மட்டும் இருக்கிற எடிட்டர்ல டைப் பண்ணி காப்பி பண்ணுங்க.

4. தமிழ்ல இருக்கிற செய்தின்னா

ஐடியூ பட்டியல்ல தமிழ் எழுத்து கெடையாது. தமிழை அப்படியே ஒரு ஆன்லைன் கருவியில ஒட்டினா சிலது எழுத்தை முழுங்கிடும், சிலது கேள்விக்குறி காட்டும், சிலது தமிழை அப்படியே நடுவுல விட்டுடும். அதனால நாம சாட்ல டைப் பண்ற மாதிரி ஆங்கில எழுத்துல முதல்ல எழுதிக்கணும். "நாளை வா":

-. .- .- .-.. .- .. / ...- .- .-

இங்க தான் நம்ம ஆளுங்க நெறைய பேரு தடுமாறுறாங்க. நாம டைப் பண்ணும்போது ள வேணும்னா பெரிய எழுத்துல லிமா போடுவோம், ண வேணும்னா பெரிய எழுத்துல நவம்பர் போடுவோம். மோர்ஸ்ல அந்த வித்தியாசம் செத்துடும். ல, ள ரெண்டும் ஒண்ணு, ன, ண, ந மூணும் ஒண்ணு, ர, ற ஒண்ணு. ழ மட்டும் ஜூலு-ஹோட்டல்னு எழுதினா தப்பிக்கும். நெடிலுக்கு உயிரெழுத்தை ரெண்டு தடவை போடுறதை கட்டாயமா வெச்சுக்கங்க, இல்லேன்னா பல்லும் பாலும் ஒண்ணாயிடும்:

பல் .--. .- .-..
பால் .--. .- .- .-..

மத்த மயக்கத்துக்கு விதி போட்டு முட்டி மோத வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன். வாக்கியத்தைப் பாத்தா ஆளுங்களுக்கே புரிஞ்சிடும். பேரு, ஊரு, தனியா நிக்கிற ஒத்த வார்த்தை, இதுக்கு மட்டும் கவனமா இருங்க, முடிஞ்சா கூட ஒரு வார்த்தை சேத்து எழுதுங்க. "மலை" தனியா போனா மழைன்னு கூட எடுத்துக்குவாங்க (எல்லாரும் ழ-வுக்கு ஜூலு போடுறதில்லயே), "மலை மேல"ன்னு போனா சந்தேகமே வராது.

5. மோர்ஸை எழுத்தாக்குறது

அகரவரிசை சார்ட்ல ஒவ்வொரு குறிக்கும் மேல இருந்து கீழ வரைக்கும் தேடுனீங்கன்னா வெறுத்துடுவீங்க. முதல்ல எண்ணுங்க. நாலும் அதுக்குக் கீழயும் இருந்தா எழுத்து. அஞ்சு இருந்தா பெரும்பாலும் எண். ஆறு இருந்தா நிறுத்தற்குறி. எண்ணிட்டா, மேல குடுத்த பட்டியல்ல எந்தக் குடும்பத்துல தேடணும்னு தெரிஞ்சுடும், பன்னெண்டு எழுத்துக்கு மேல பாக்க வேண்டி வராது.

இன்னும் வேகம் வேணும்னா ஒரு மரம் வரைஞ்சுக்கங்க. உச்சியில இருந்து புள்ளி வந்தா இடது, கோடு வந்தா வலது. முதல் கெளையில இடது எக்கோ, வலது டேங்கோ. எக்கோவுக்குக் கீழ இந்தியா, ஆல்ஃபா. டேங்கோவுக்குக் கீழ நவம்பர், மைக். இப்படியே நாலு படி எறங்குனா 26-ம் வந்துடும். விரலை வெச்சு எறங்கிட்டே போலாம், தேடவே வேண்டாம். ஒரு தடவை நீங்களே கையால வரைங்க, அடுத்தவங்க வரைஞ்சதைப் பாக்குறதை விட அது மனசுல நிக்கும்.

பழகிப் பாக்க ஒண்ணு. இது ஆங்கிலம், நாலு வார்த்தை:

.-- .- .. - / .- - / --. .- - . / --...

விஸ்கி-ஆல்ஃபா-இந்தியா-டேங்கோ, ஆல்ஃபா-டேங்கோ, கோல்ஃப்-ஆல்ஃபா-டேங்கோ-எக்கோ, கடைசியில 7. "வெய்ட் அட் கேட் 7".

அஞ்சு குறி வந்தும் எண்ணா இல்லாததுன்னு சிலது இருக்கு, அதைத் தெரிஞ்சு வெச்சுக்கங்க. ரேடியோல செய்தி முடிஞ்சதுன்னு சொல்ல ஆல்ஃபாவையும் ரோமியோவையும் கேப் இல்லாம ஒட்டி .-.-. அனுப்புவாங்க, கூட்டல் குறிக்கும் அதே தான். அடுத்த பத்திக்குப் போறேன்னு சொல்ல -...- அனுப்புவாங்க, அது சமக்குறியும் கூட. டீகோடர் என்ன பண்ணும், கடைசியில ஒரு கூட்டல், நடுநடுவுல சமக்குறின்னு காட்டும். புதுசா பாக்குறவங்க ஏதோ கணக்கு போட்டிருக்காங்கன்னு தேட ஆரம்பிச்சுடுவாங்க. எட்டு புள்ளி வரிசையா வந்தா "முன்னாடி அனுப்பினது தப்பு, திருத்துறேன்"னு அர்த்தம், அதுக்கு முந்தின வார்த்தையை அடிச்சுட்டு அடுத்து வர்றதை எடுத்துக்கங்க. எண்ணுக்கு நடுவுல நவம்பர் வந்தா அது 9, டேங்கோ வந்தா 0, நேரத்தை மிச்சம் பிடிக்க அப்படிச் சுருக்குவாங்க.

6. இடைவெளியே இல்லாத செய்தி கெடைச்சா

புதிர்ல இப்படித் தான் குடுப்பாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச எஸ்ஓஎஸ் ஆபத்து சைகை ...---... எடுத்துக்கங்க, சியரா-ஆஸ்கர்-சியரான்னு படிக்கலாம், விக்டர் ஒண்ணு போட்டு 7-ன்னும் படிக்கலாம், 3 போட்டு பிராவோன்னும் படிக்கலாம். (நெஜமான ஆபத்து சைகையா அனுப்பும்போது அதை இடைவெளி விடாம ஒரே குறியா தான் அனுப்பணும், அது வேற விஷயம்.) அதனால நீளமான செய்தியை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நேரா படிக்கப் பாக்காதீங்க. ஆறு குறி கொண்ட நிறுத்தற்குறி மாதிரி தெரியிற எடத்தைத் தேடுங்க, எண் மாதிரி அஞ்சு கோடு சேந்து வர்ற எடத்தைத் தேடுங்க, கண்டிப்பா இருக்கும்னு நீங்க எதிர்பாக்குற ஒரு பேரை மோர்ஸ்ல எழுதி அது எங்கயாவது பொருந்துதான்னு நகத்திப் பாருங்க. ஒரு வார்த்தை மாட்டிடுச்சுன்னா ரெண்டு பக்கமும் விரிச்சுட்டே போலாம். தானா பிரிச்சுத் தர்ற கருவி இருந்தாலும் பத்து குறிக்கே ஏகப்பட்ட விடை தரும், அதுல இருந்து பொறுக்குறது உங்க வேலை தான்.

7. சத்தமா, வெளிச்சமா வந்தா

சத்தம்னா உடனே காதால புடிக்கணும்னு பயப்படாதீங்க. ரெக்கார்டு பண்ணுங்க, ஆடாசிட்டின்னு ஒரு இலவச மென்பொருள்ல தெறங்க, அலையைப் பெருசு பண்ணுங்க. குட்டையா இருக்கிறது புள்ளி, நீளமா இருக்கிறது கோடு, காலியா இருக்கிறது இடைவெளி, பாத்தே எழுதிடலாம். பின்னணி இரைச்சல் இருந்தா அலை வடிவத்துக்குப் பதிலா ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த சுருதியில எப்போ சத்தம் வருதுன்னு காட்டுற படம்) காட்சிக்கு மாத்துங்க, இரைச்சலுக்கு நடுவுலயும் மோர்ஸ் ஒரே உயரத்துல ஒரு விட்டுவிட்ட கோடா தனியா தெரியும். எஃப்எல்டிஜின்னு ஹாம் ஆளுங்க பயன்படுத்துற இலவச மென்பொருள் தானாவே எழுத்தாக்கும், ஆனா மனுஷன் கையால அடிச்ச மோர்ஸ், ஏறி எறங்குற சத்தம், இதுல நெறைய தப்பு விடும். அது குடுத்ததை அப்படியே நம்பாம அலையோட ஒப்பிட்டுப் பாருங்க.

டார்ச் வெளிச்சத்தை வீடியோ எடுக்கறதுன்னா வேகத்தைக் கவனிங்க. நிமிஷத்துக்கு 20 வார்த்தை வேகத்துல ஒரு புள்ளி 60 மில்லிசெகண்ட் தான், வினாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கிற கேமராவுல அது ரெண்டு ஃபிரேம் கூட வராது. அனுப்புறவரை மெதுவா அனுப்பச் சொல்லுங்க, இல்ல 60 ஃபிரேம்ல எடுங்க.

காதால புடிக்கணும்னே ஆசை இருந்தா புள்ளி கோடுன்னு கண்ணால பாத்து பழகாதீங்க, பின்னாடி அதை மறக்கறது ரொம்ப கஷ்டம். "டிட் டா"ன்னு ஓசையா பழகுங்க. காக் முறைன்னு ஒண்ணு இருக்கு: கிலோ, மைக் ரெண்டே எழுத்தை மட்டும் முழு வேகத்துல கேட்டு எழுதணும், நூத்துக்கு தொண்ணூறு சரியா வந்தா மூணாவது எழுத்தைச் சேக்கணும். ஃபார்ன்ஸ்வொர்த் முறையில எழுத்து வேகமா வரும், எழுத்துக்கு நடுவுல கேப் மட்டும் பெருசா இருக்கும். ரெண்டையும் கலந்து பழகலாம். தெனமும் கொஞ்ச நேரம்னு உக்காருங்க, வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமா உக்காந்தா காது பழகாது.

8. செலவும் நேரமும்

செலவு ஒண்ணும் இல்லேங்க. பேப்பர், பென்சில், சார்ட், மேல சொன்ன மென்பொருள் எல்லாமே இலவசம். காதுப் பயிற்சிக்கு எல்சிடபிள்யூஓ தளம் இலவசம், ஆண்ட்ராய்டு ஃபோன்ல ஜிபோர்டு கீபோர்டுலயே ஆங்கிலத்துக்கு மோர்ஸ் லேஅவுட் இருக்கு. பணம் கட்டச் சொல்ற ஆப்பை ஆரம்பத்துலயே வாங்காதீங்க. கையால அடிக்கிற கீ வாங்குறது எல்லாம் ரேடியோ பக்கம் போறதுன்னு முடிவு பண்ணப்புறம் பாத்துக்கலாம்.

லைசென்ஸ்? வீட்டுல எழுத, கேக்க, டார்ச்சுல பழக எதுவும் வேண்டாம். ரேடியோல அனுப்பணும்னா தான் அமெச்சூர், அதாவது ஹாம், லைசென்ஸ் வேணும். அதுக்கு மோர்ஸ் பரீட்சை இருக்கணுமா வேண்டாமாங்கிறதை 2003-ல இருந்து ஒவ்வொரு நாடும் தானே முடிவு பண்ணிக்கலாம்னு ஆக்கிட்டாங்க, அதனால உங்க நாட்டு விதியைப் பாருங்க. ஆபத்து சைகையை விளையாட்டுக்குக் கூட ரேடியோல அனுப்பக் கூடாது.

அனுப்ப எவ்ளோ நேரம் ஆகும்னு கணக்குப் போட, ஒரு வார்த்தைன்னா 50 அளவுன்னு வெச்சுக்கிறாங்க, "பாரிஸ்"ங்கிற ஆங்கில வார்த்தையோட நீளம் அது. நிமிஷத்துக்கு 5 வார்த்தை வேகத்துல 100 வார்த்தைக்கு 20 நிமிஷம், 20 வார்த்தை வேகத்துல 5 நிமிஷம். ஆனா தமிழை ஆங்கில எழுத்துல எழுதினா வார்த்தை நீளும், "வந்துட்டேன்"க்கு மட்டும் பத்து எழுத்து, அதனால ரெண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்க. எண்கள் இன்னும் நீளம், இருக்கிறதுலயே சின்ன எண் 5, அதுக்கே 9 அளவு, 0-க்கு 19, எக்கோவுக்கு வெறும் 1 தான். ஃபோன் நம்பர், தேதி இருக்கிற செய்தியை கடைசி நிமிஷத்துல அனுப்ப உக்காராதீங்க.

9. குடுக்கறதுக்கு முன்னாடி

நீங்க எழுதின மோர்ஸை மூல செய்தியைப் பாக்காம நீங்களே திருப்பி எழுத்தாக்கிப் பாருங்க, முடிஞ்சா வேற ஆள் கிட்ட குடுத்து பண்ணச் சொல்லுங்க. கருவியில பண்ணதுன்னா ஒரு கருவியில மாத்தி வேற கருவியில திருப்புங்க, ஒரே கருவி ரெண்டு பக்கமும் ஒரே தப்பைப் பண்ணா உங்களுக்குத் தெரியவே தெரியாது. எண்கள், பேருங்க, இதை மட்டும் ரெண்டாவது தடவை பாருங்க, ஏன்னா வார்த்தையில ஒரு எழுத்து தப்பினா படிக்கிறவர் ஊகிச்சுக்குவாரு, எண்ணுல ஊகிக்க முடியாது.

தாளோட தலையில நாலு விஷயம் எழுதுங்க: சர்வதேச மோர்ஸ், ஸ்பேஸ் வந்தா எழுத்து முடிவு, சாய்கோடு வந்தா வார்த்தை முடிவு, மொத்தம் எத்தனை வார்த்தை. தமிழ்ச் செய்தின்னா நெடிலுக்கு ரெட்டை எழுத்து, ழ-வுக்கு ஜூலு-ஹோட்டல்னும் சேத்து எழுதுங்க. வாங்கினவரு வார்த்தையை எண்ணிப் பாத்து கணக்கு சரியா வரலேன்னா படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்களைக் கேட்டுடலாம்.